புறநகரை விட்டுக் கிராமத்துக்கு: ஏழு பேரின் கணக்கு

சங்கக் கூட்டங்களிலும் கல்யாண வீடுகளிலும் என்னைப் பார்க்கும் நண்பர்கள் தவறாமல் கேட்பது இதுதான்: "டோம்பிவிலியை விட்டுக் குடும்பத்தோடு கர்ஜத் பக்கம் கிராமத்துக்குப் போய்விட்டீர்களாமே! நல்ல காற்று, நல்ல நிம்மதி. நாங்களும் வரலாம் என்று பார்க்கிறோம். எப்படி இருக்கிறது?" நின்ற நிலையில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வியா இது? ஆகவே நம் இதழின் ஆசிரியர் கேட்டுக்கொண்டபடி விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் பூர்வீகம். சிவில் டிப்ளமா முடித்துவிட்டு 1981இல் ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளப் பராமரிப்புப் பிரிவிலேயே 37 ஆண்டுகள் ஓடி, 2018இல் ஓய்வு பெற்றேன். அதில் சில ஆண்டுகள் கர்ஜத்–லோணாவளா மலைப்பாதையில் வேலை. 37 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது. ரயிலைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கென்றே கர்ஜத்தில் கூடுதல் என்ஜின்களைக் கோப்பார்கள். மழைக்கால இரவுகளில் ரோந்து ஆட்களோடு நடந்தே அந்த மலையையும் அதன் அடிவாரத்துக் கிராமங்களையும் தெரிந்துகொண்டேன்.

மும்பைத் தமிழர்கள் ரயில் பாதையை ஒட்டியே நகர்ந்து வந்தவர்கள். முதல் தலைமுறை மாதுங்காவில் இறங்கியது. அங்கே இடம் போதாமல் செம்பூர், முலுண்ட் என்று பரவியது. வாடகையும் விலையும் ஏற ஏற, தானா, டோம்பிவிலி, அம்பர்நாத் என்று தள்ளித் தள்ளிப் போனது. நானும் அப்படித்தான் 1990களில் டோம்பிவிலியில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். லிஃப்ட் கிடையாது. அன்று யாருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பிறகு என் அம்மாவுக்கு முழங்கால் போயிற்று. 2017 தீபாவளிக்குப் பிறகு அம்மா மாடியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எதிரே இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். "வாசல்ல உக்காந்து நாலு மனுஷாளைப் பாக்கணும்டா. செத்தா தரையில சாகணும்" என்று ஒரு நாள் சொன்னார். கிராமத்துக்குப் போகும் பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கியது அன்றுதான். சுத்தமான காற்றெல்லாம் அதற்கப்புறம் சேர்ந்துகொண்ட காரணங்கள்.

"அப்படியானால் சொந்த ஊருக்கே போயிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். ஊரில் வீடு பாகம் பிரிந்து போய்விட்டது. மகனுக்குத் தானாவில் வேலை, மருமகளுக்குக் கல்யாணில் ஒரு வங்கியில் வேலை. அவர்களை இங்கே விட்டுவிட்டு நாங்கள் மட்டும் பாபநாசம் போவதென்றால் பேரன் பேத்தியைக் கோடை விடுமுறைக்குத்தான் பார்க்கலாம். ரயிலில் எட்டும் தூரத்தில் ஒரு கிராமம் என்று பார்த்தபோது கர்ஜத் தானாக முன்னே வந்து நின்றது.

ஏழு பேர், ஏழு பாதை

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. ஒரு பாதை முழுவதும் 100 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுதியாக இருக்கலாம். நடுவில் ஒரே ஒரு பலவீனமான பாலம் இருந்து, அதில் 30 கிலோமீட்டர்தான் போகலாம் என்றால், ராஜதானியாக இருந்தாலும் அங்கே 30தான். குடும்பம் இடம் மாறுவதும் அப்படித்தான். வீட்டில் யாருக்கு மாற்றம் மிகக் கஷ்டமோ, அவருடைய கணக்குதான் வீட்டின் கணக்கு.

நாங்கள் ஏழு பேர். அம்மாவுக்கு அப்போது 83 வயது. நான், என் மனைவி, மகன், மருமகள், ஐந்து வயதுப் பேத்தி, இரண்டு வயதுப் பேரன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை அவரவர் எங்கே போவார்கள், எப்படிப் போவார்கள், யாரோடு பேசுவார்கள், உடம்புக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று எழுதினோம். 

என் பக்கமும் மகன் பக்கமும் சீக்கிரம் நிரம்பிவிட்டன. டோம்பிவிலியில் காலை நேர லோக்கலில் ஏறுவதே ஒரு வித்தை. கர்ஜத்திலிருந்து தானா 66 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். தூரம் அதிகம்தான். ஆனால் கர்ஜத்தில்தான் வண்டி புறப்படுகிறது என்பதால் உட்கார இடம் உண்டு. மகன் அதற்குச் சம்மதித்தான். 

மருமகள் பக்கத்தில் ஒரு கேள்வி நின்றது. "மாமா, போறது பிரச்சினை இல்ல. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஸ்டேஷன்ல எறங்கினா, அங்கேருந்து வீட்டுக்கு எப்படி வருவேன்?" நியாயமான கேள்வி. நாங்கள் பார்த்த கிராமம் ஸ்டேஷனிலிருந்து 8 கிலோமீட்டர். இருட்டிய பிறகு ஷேர் ரிக்‌ஷா நம்பக்கூடியதல்ல. பத்லாபூரைத் தாண்டினால் லோக்கல்களும் குறைவு. ஒன்று ரத்தானால் அடுத்ததற்கு அரை மணியோ ஒரு மணியோ காத்திருக்க வேண்டும். கிராமத்திலேயே ரிக்‌ஷா வைத்திருக்கும் ஒருவரிடம் மாதக் கணக்குப் பேசி, அவர் சரி என்ற பிறகுதான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம். இன்றுவரை அவர்தான் வருகிறார்.

என் மனைவியின் பக்கம்தான் கடைசிவரை காலியாக இருந்தது. டோம்பிவிலியில் அவளுக்கு எல்லாம் நடை தூரத்தில். கறிவேப்பிலை முதல் கோயில்வரை, நம் சங்கத்து மகளிர் கூட்டம்வரை. "எனக்கு அங்கே யார் இருக்கா?" என்று கேட்டாள். அதற்கு நோட்டில் எழுத பதில் இல்லை. கடைசியில் அவளே ஒரு நிபந்தனை போட்டாள்: "வாங்கறதுக்கு முன்னாடி வாடகைக்கு இருந்து பாக்கலாம். டிசம்பர்ல இல்ல. கொட்டுற மழையில ஒரு மாசம், வெயில்ல ஒரு மாசம்."

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கர்ஜத்தை டிசம்பரில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். மழையிலும் மே மாதத்திலும் பிடித்தால்தான் அங்கே வாழ முடியும்.

மழையில் ஒரு மாதம், வெயிலில் ஒரு மாதம்

2018 ஜூலையில் ஓர் அறை எடுத்து நானும் மனைவியும் தங்கினோம். ஜூலை மழை அங்கே ஒரு விருந்தாளி போல வந்து போவதில்லை, வீட்டு ஆளாகவே தங்கிவிடுகிறது. துணி காயாது. சுவரில் பூஞ்சை. அரிசி, பருப்பு, தோல் செருப்பு எல்லாவற்றிலும் ஈர வாடை. மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு மாதத்தில்தான் இன்வெர்ட்டர் எவ்வளவு பெரியது வேண்டும், துணி காயப்போடக் கூரை எந்தப் பக்கம் வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது.

2019 ஏப்ரலில் மறுபடி போனோம், இம்முறை அம்மாவோடு. வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. தஞ்சாவூர்க்காரனான எனக்கு அது புதிது. கொங்கணத்தில் பெரும்பாலும் மழையை நம்பிய ஒரு போக நெல். 'கர்ஜத்-3', 'கர்ஜத்-7' என்று ஊர்ப் பெயரிலேயே நெல் ரகங்கள் உண்டு. அங்குள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. மழைக்கு முன்னால் நாற்றங்கால் போடும் இடத்தில் சருகும் சாணமும் பரப்பி எரிப்பார்கள். 'ராப்' என்று பெயர். அந்தப் புகை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது எங்கள் கவலை. சில நாள் இருமினார். வயலை ஒட்டிய வீடு வேண்டாம், ஊருக்குள் இருக்கும் வீடே நல்லது என்று முடிவு செய்தோம். காட்சிக்காக வயலோரம் வீடு தேடுபவர்கள் வீட்டில் ஆஸ்துமா இருந்தால் இதை யோசிக்க வேண்டும்.

நிலமும் காகிதமும்

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் விவசாய நிலம் வாங்கலாம். கர்நாடகத்தில் 2020இல் அந்தத் தடை நீங்கியது. மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை. 1948ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி விவசாய நிலம் வாங்க முடியாது. "அதெல்லாம் பாத்துக்கலாம், பண்ணை வீடு சார்" என்று சொல்லும் தரகரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். நாங்கள் வாங்கியது, ஏற்கெனவே குடியிருப்புக்கென மாற்றப்பட்ட மனையில் இருந்த ஒரு பழைய ஓட்டு வீடு. 

மனை அளவை அங்கே 'குண்டா' என்பார்கள். 40 குண்டா ஓர் ஏக்கர். நம் கணக்கில் ஒரு குண்டா இரண்டரை சென்ட், அதாவது 1,089 சதுர அடி.

'சாத்-பாரா' என்று சொல்லப்படும் 7/12 சான்று நம்மூர்ப் பட்டாவும் அடங்கலும் சேர்ந்தது போன்றது. அதில் உரிமையாளர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடக் கூடாது. 'இதர் ஹக்க' என்ற பிற உரிமைகள் கட்டத்தில்தான் கடன், குத்தகை, வழக்கு எல்லாம் இருக்கும். 'வர்க் 2' என்று குறிப்பு இருந்தால் அரசு அனுமதியில்லாமல் விற்க முடியாத நிலம். அந்த வட்டாரத்தில் காத்கரி, டாக்கர் ஆதிவாசிகள் அதிகம். ஆதிவாசி நிலம் கலெக்டர் அனுமதியின்றி மற்றவர்களுக்குக் கைமாற முடியாது. அது அவர்களைக் காப்பதற்கான சட்டம். மராத்தி படிக்கத் தெரிந்த, தரகருக்கு வேண்டாத ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

காகிதத்துக்கு அடுத்து மண். இதில் என் தொழில் கொஞ்சம் உதவியது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். உல்லாஸ் நதியும் அன்று கரை மீறியது. ஆகவே வீடு பார்க்கப் போனால் ஊர்ப் பெரியவர்களிடம், "அந்த 26 ஜூலை அன்று தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். கையைக் காட்டிச் சொல்வார்கள். நாங்கள் அப்படிக் கேட்டுத்தான் மேட்டு வீட்டை எடுத்தோம். 2019 மே மாதம் குடிவந்தோம். அந்த ஜூலை 27ஆம் தேதியே பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவில் மகாலக்ஷ்மி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்றுபோய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளில் மீட்டார்கள். எங்கள் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் ரயில் நின்றதால் மகன் தானாவில் நண்பர் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று.

ஆற்றுக்குப் பயந்து மலையடிவாரத்துக்கு ஓடுவதும் சரியல்ல. 2023 ஜூலை 19 இரவு, பக்கத்துத் தாலுகாவான காலாபூரில் இர்ஷால்வாடி என்ற ஆதிவாசிக் குடியிருப்பின் மேல் மலை சரிந்து பலர் மாண்டார்கள். சரிவுக்குச் சில அடையாளங்கள் உண்டு. மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது, மழையில் சரிவின் நடுவிலிருந்து புதிதாகத் தண்ணீர் கசிவது, மேலே தரையில் பிளவு, தாங்கு சுவர் வயிறு தள்ளி நிற்பது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்த இடம் வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கு

மழை கொட்டும் ஊரில் ஏப்ரலில் தண்ணீருக்கு ஏன் அலைகிறார்கள்? காரணம், அடியில் இருப்பது கருங்கல் போன்ற எரிமலைப் பாறை. மேலே உள்ள மண்ணும் மக்கிய பாறையும்தான் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்குக் கீழே பாறையில் வெடிப்பு இருந்தால் போர்வெல்லில் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் தூசி. பத்தடி தள்ளிப் போட்ட இரண்டு போர்களில் ஒன்றில் தண்ணீரும் மற்றதில் தூசியும் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பதும், கிராமக் குடிநீர்த் திட்டத்தில் 55 லிட்டர் என்பதும் அரசாங்க அளவுகள். எங்கள் ஏழு பேருக்கு முதல் கணக்கில் 945 லிட்டர், இரண்டாவது கணக்கில் 385 லிட்டர். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்தால் போதுமா? 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். ஒரு நல்ல மழை நாளிலேயே 10,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். ஆனால் அந்தத் தொட்டி எங்களுக்குச் சிக்கனமாகச் செலவழித்தாலும் 26 நாள்தான். மழை விட்டு அடுத்த மழை வர ஏழெட்டு மாதம். ஆகவே தொட்டி நிரம்பிய பிறகு வழியும் நீரை, மணலும் ஜல்லியும் போட்ட வடிகுழி வழியாகக் கிணற்றுக்கு விட்டோம். ஏப்ரல், மே மாதங்களில் இன்னமும் டாங்கர் வாங்குகிறோம், ஆனால் முன்னைவிடக் குறைவாக. பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் அடியோடு போய்விட்டது.

ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம்?

"எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்பது பயனற்றது. எத்தனை நிமிடம், அதுவும் இரவு இரண்டு மணிக்கு, மழையில் எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும். கர்ஜத் அரசு மருத்துவமனைக்கு எங்கள் வீட்டிலிருந்து 25 நிமிடம். கல்யாண் ரயில்வே ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒன்றரை மணி. பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பார்கள். அந்த நேரத்துக்குள் ஸ்கான் வசதியுள்ள இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்று பகலிலும் இரவிலும் வண்டி ஓட்டிப் பார்த்த பிறகே வீடு வாங்கினோம். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் தேவைப்படுகிறவர், அடிக்கடி இதய மருத்துவரைப் பார்க்க வேண்டியவர் வீட்டில் இருந்தால், தயவுசெய்து நகரத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். காற்றும் பசுமையும் அதற்கு ஈடாகாது.

பாம்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. பாம்பு உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் ஒரே மாற்று மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கிறார்கள். அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். கர்ஜத்தில் ஒருவர் உயிர் பிழைத்தால் அதில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ஒருவரின் கைத்திறமையும் இருக்கலாம்! வீடு வாங்குமுன் அரசு மருத்துவமனைக்கே போய், மருந்து இருப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டேன். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலிகூடத் தெரியாது. ஆகவே எல்லோருக்கும் கட்டில், கொசுவலை. இருட்டில் டார்ச் இல்லாமல் யாரும் படி இறங்கக் கூடாது. கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கை காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. எங்கள் எட்டு வயதுப் பேரனுக்கு இது மனப்பாடம்.

பள்ளியும் தமிழும்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. லோக்கல் ரயில்கள் நின்றன. 2021 பிப்ரவரியில்தான் பொதுமக்களை மறுபடி ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள், அதுவும் சில மாதங்களில் மறுபடி தடைப்பட்டது. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். மருமகள் வங்கி என்பதால் வீட்டில் இருக்க முடியவில்லை. பல மாதங்கள் கல்யாணில் தன் சிநேகிதியோடு தங்கி வாராவாரம் வந்துபோனாள். டோம்பிவிலியிலேயே இருந்திருந்தால் அவள் தினமும் வீட்டுக்கு வந்திருப்பாள். குழந்தைகளோ இங்கே முற்றத்தில் ஓடி விளையாடின. அங்கே ஃப்ளாட்டுக்குள் அடைந்து கிடந்திருக்கும். லாபமும் நஷ்டமும் ஒரே வீட்டில் வேறு வேறு ஆளுக்குப் போய்ச் சேரும் என்பதை அந்த ஆண்டு எங்களுக்குக் காட்டியது.

பேத்தி கர்ஜத்தில் ஆங்கிலப் பள்ளிக்குப் பஸ்ஸில் போகிறாள். பள்ளி மோசமில்லை. ஆனால் நம் சங்கத்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு இங்கே இல்லையே! அதற்கு என் மனைவி ஒரு வழி செய்தாள். விளக்கேற்றியதும் அரை மணி நேரம் தமிழ். முதலில் அ, ஆ. பிறகு கடைச் சீட்டு எழுதுவது. "தாத்தாவுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் பிஸ்கட் வாங்கி வருவார்" என்று சட்டம் போட்டாள். இப்போது நம் இதழ் தபாலில் வந்தால் சிறுவர் பக்கத்தைப் பேத்திதான் முதலில் படிக்கிறாள். 'ழ' மட்டும் இன்னும் மராத்தி 'ள'வாகவே வருகிறது.

2030இல் அவள் பத்தாம் வகுப்பு முடிப்பாள். பிறகு கல்லூரிக்குக் கல்யாண் பக்கம் போக வேண்டியிருக்கும். தினமும் ரயிலா, அல்லது மகன் குடும்பம் வார நாட்களில் டோம்பிவிலியில் தங்குவதா என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்காகத்தான் பழைய ஃப்ளாட்டை விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறோம். கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது, ஐந்தாண்டுக்காவது நகரத்து வீட்டை விற்காதீர்கள். திரும்பி வரும் வழி இருந்தால்தான் போன இடத்தில் நிம்மதியாக இருக்க முடியும். ஒவ்வொரு ஆண்டும் மே மாதம், மழைக்கு முன், எல்லோரும் உட்கார்ந்து பழைய நோட்டை எடுக்கிறோம். "இந்த வருஷமும் இங்கேயா?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறோம். வயதில் சின்னவர்தான் முதலில் பேச வேண்டும்.

ஊரார்

2019 நவராத்திரிக்கு என் மனைவி வழக்கம்போலக் கொலு வைத்தாள். டோம்பிவிலியில் முப்பது பெண்கள் வருவார்கள். இங்கே பக்கத்து வீட்டு ஆஜி ஒருத்திதான் எட்டிப் பார்த்தாள். "கடை போடப் போகிறீர்களா?" என்று மராத்தியில் கேட்டாள்! அன்று இரவு சுண்டலை நாங்களே சாப்பிட்டோம். ஆனால் அந்த ஆஜி தன் வீட்டில் கலசத்தைச் சுற்றி மண்ணில் தானியம் முளைக்க வைத்திருந்ததைப் பார்த்து என் அம்மா, "அட, நம்ம முளைப்பாரிடா இது!" என்றார். அங்கிருந்துதான் சிநேகிதம் தொடங்கியது.

மராத்தியில் திண்ணையை 'ஒட்டா' என்கிறார்கள். அம்மாவுக்கு மராத்தி தெரியாது, ஆஜிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஒட்டாவில் உட்கார்ந்து புளி ஆய்ந்தார்கள், அரிசி புடைத்தார்கள், மணிக்கணக்கில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர்களுக்குத்தான் வெளிச்சம். போகிற வருகிற காத்கரிக் குழந்தைகளுக்கெல்லாம் அம்மாவைத் தெரியும். 2021 கொலுவுக்குச் சுண்டல் போதவில்லை.

2022 ஜனவரியில் ஓர் இரவு, தூக்கத்திலேயே அம்மா போய்விட்டார். மணி இரண்டு இருக்கும். டோம்பிவிலியில் என்றால் யாருக்குச் சொல்வது, எந்த வண்டி, எந்த மயானம் என்பதெல்லாம் தெரியும். இங்கே எங்கள் நோட்டில் எழுதாமல் விட்டிருந்த பக்கம் அதுதான். அம்மா இருக்கும்போது அதை எழுத யாருக்கும் மனம் வரவில்லை. மகன் போய் ஆஜி வீட்டுக் கதவைத் தட்டினான். அரை மணி நேரத்தில் வாசலில் பதினைந்து பேர். யார் யாரிடம் சொன்னார்கள் என்று தெரியாது. ஓடையோரம் இருக்கும் மயானத்தில் மின்தகனம் எல்லாம் கிடையாது, விறகுதான். வீட்டுக்கு ஒரு கட்டு என்று அவர்களே கொண்டுவந்து அடுக்கினார்கள். மழைக்காலத்துக்கென்று கூரைக்கடியில் சேர்த்து வைத்த விறகு அது. நம் வழக்கப்படி காரியம் செய்யத் தெரிந்த பெரியவர் டோம்பிவிலியிலிருந்து காலை லோக்கலில் வந்தார். பத்துமணிக்குள் எல்லாம் முடிந்தது. விறகுக்குப் பணம் கொடுக்கப் போனேன். ரிக்‌ஷாக்காரர் என் கையைப் பிடித்து மூடிவிட்டு, "ஆஜி ஆம்சீ பண் ஹோதீ" என்றார். 'பாட்டி எங்களுக்கும் பாட்டிதான்' என்று அர்த்தம்.

அந்த ஆண்டு கொலு இல்லை. ஆனால் நவராத்திரி முதல் நாள் சாயங்காலம் குழந்தைகள் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றதால் என் மனைவி சுண்டல் மட்டும் செய்தாள். அவளுடைய பக்கத்தில் 'அங்கே யார் இருக்கா?' என்ற கேள்வி இன்னும் அப்படியே எழுதியிருக்கிறது. இந்த மே மாதக் கூட்டத்தில் அதை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாள். டோம்பிவிலிச் சிநேகிதிகளைப் பார்க்க மாதம் இரண்டு முறை ரயில் ஏறுகிறாள். அதுவும் கணக்கில் சேர்ந்ததுதான்.

வர நினைப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள், குழந்தைக்கும் சேர்த்து. யாருடைய பக்கம் நிரம்பவில்லையோ அவரை முதலில் கேளுங்கள். மழையில் ஒரு முறை, வெயிலில் ஒரு முறை தங்கிப் பாருங்கள். காகிதத்தை வக்கீலிடமும், வெள்ள அளவை ஊர்ப் பெரியவரிடமும் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு இரவில் வண்டி ஓட்டிப் பாருங்கள். மராத்தி பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாமும் போய் நிற்க வேண்டும். நகரத்து வீட்டை விற்க அவசரப்படாதீர்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வர மனமிருந்தால், அடுத்த ஜூலையில் இரண்டு நாள் எங்கள் வீட்டில் வந்து தங்கலாம். குடை போதாது, ரெயின்கோட்டும் டார்ச்சும் கொண்டுவாருங்கள். துணி இரண்டு செட் அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள், காயாது. வரும்போது டோம்பிவிலி மார்க்கெட்டிலிருந்து கொஞ்சம் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் வாங்கி வந்தால் என் மனைவி சந்தோஷப்படுவாள்.